என் தூக்கத்துக்குக் காவல்

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், சென்னையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று எங்கள் ஆபீஸில் திங்கட்கிழமை காலையில்தான் சொன்னார்கள். பத்து வருஷமாக யாரும் தொடாத ஃபைல்களை நாலே நாளில் ஒழுங்குபடுத்த வேண்டும். இந்த மாதிரி வேலையெல்லாம் சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வந்து சேரும். என் ராசி அப்படி.

இரண்டு நாள் முன்னால்தான் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, உதட்டைப் பிதுக்கியிருந்தார். பிரஷர் அதிகமாம். ஒரு வாரம் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள், அப்போதும் இறங்காவிட்டால் மாத்திரைதான் என்றார். என் அம்மாவும் அக்காவும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இலையைப் பார்ப்பதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறப்பவர்கள். நானும் அந்த வரிசையில் போய் உட்கார வேண்டுமா? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

என் கணவர் வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் இருப்பவர். ஒரு வேலை கையில் கிடைத்துவிட்டால் லேசில் விடமாட்டார். "இந்த ஒரு வாரம் கிச்சன் பக்கமே வராத. நீ தூங்கு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட். பால்காரர் பெல் அடித்துவிடக் கூடாதென்று நாலரை மணிக்கே எழுந்து கீழே கேட்டில் போய் நின்றார். பேப்பர் தரையில் விழுந்தால் சத்தம் கேட்குமே என்று அந்தரத்திலேயே பிடித்தார். குக்கர் விசில் ஆகாதென்று சாதத்தைப் பானையில் வடித்தார். சட்னி அரைக்க மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்; அங்கே மோட்டார் பக்கத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட் உண்டு. விடிகாலையில் தலைக்கு மேலே இதென்ன கூத்து என்று மூன்றாம் மாடி மாமி சண்டைக்கு வந்தார். அவரையும் 'உஷ்' என்று அடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நானோ உள்ளே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். மனிதர் டம்ளரைத் தட்டிவிடுவார், பிறகு அந்த டம்ளரை ரகசியக் குரலில் திட்டுவார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் தூங்குகிறேனா என்று கதவைத் திறந்து பார்ப்பார். மெதுவாகத் திறக்கிறேன் பேர்வழி என்று அது கிரீச்சிடுவதை இரண்டு மடங்கு நேரம் நீட்டுவார். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

அந்த வாரம் நான் தூங்கியதெல்லாம் ஆபீஸுக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் கண் சொக்கும். காவிரியில் தண்ணீர் போகிறதா, மணல் கிடக்கிறதா என்றுகூடத் தெரியாது. புதன்கிழமை கண் விழித்துப் பார்த்தால் பஸ் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் நின்றது. அப்பாடா, இன்னும் நேரம் இருக்கிறது என்று மறுபடி தூங்கிவிட்டேன். எழுப்பியது கண்டக்டர். வெளியே ஸ்ரீரங்கம். பஸ் திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது, நான் மட்டும் இறங்கவே இல்லை.

"அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா, போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று பதினொன்றரைக்கு ஆபீஸுக்குப் போய், வயிறு சரியில்லை என்று புளுகினேன்.

தூக்கம் எப்படி என்று வீட்டில் தினமும் விசாரணை நடக்கும். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன் என்பேன். பானை வடித்துக் கையைச் சுட்டுக்கொண்ட மனுஷனிடம் வேறு என்னதான் சொல்வது? அவர் முகம் பூரித்துப்போகும்.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். காபி குடித்தார்கள். மேலாக இருந்த ஒரே ஒரு ஃபைலைத் திறந்து மூடிவிட்டு, பெருமாளைச் சீக்கிரம் சேவிக்க வழி உண்டா என்று கேட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். நாலு நாள் தூசி தின்றது நான். வயிறு எரிந்தது.

சனிக்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். என் பிரஷர் இறங்கியிருந்தது. நல்ல தூக்கம் போலிருக்கிறதே என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், என் கணவர் பால்காரரில் தொடங்கி மாமி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். டாக்டர் சிரித்தார். பிறகு என் கணவரின் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு, இப்படி உட்காருங்கள் என்று பட்டையை அவர் கையில் சுற்றினார். ஒரு தரம் காற்றடித்துப் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார். போன வாரம் எனக்கு இருந்ததைவிட அதிகம். சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "அவளுக்கு மாத்திரை வேண்டாம்தானே டாக்டர்? அவளுக்கு அதுன்னா பயம்."

"அவங்களுக்கு இல்லைங்க. இது உங்களுக்கு."

"அப்ப சரி" என்றார், அவ்வளவு நிம்மதியாக.

பஸ் விஷயம் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவருக்கு இன்னும் ஏறிவிடும் என்று விழுங்கிவிட்டேன்.