போன் திரையில் ஒரு சிலுவை

அந்தத் தீவின் பெயரை எழுதப்போவதில்லை. கரீபியன் கடலில் இருக்கிறது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் இரண்டு மணி நேரம். அவ்வளவு தெரிந்தால் போதும். என் அண்ணன் அங்கே இருக்கிறான். அங்கே இருப்பதற்கான தாள் எதுவும் அவனிடம் இல்லை.

நான் பாய்மரப் படகில் கூலிக்கு வேலை செய்பவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, ஹைதராபாத் ஹுசேன் சாகரில் பந்தயப் படகுகளைத் தண்ணீரில் இறக்கி ஏற்றும் வேலைக்குப் போனேன். ஏரியில் கற்றது பிறகு கடலில் சோறு போட்டது. யாருடைய படகையாவது ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இருபது வருடப் பிழைப்பு. இடது கையில் ஒரு விரல் கயிற்றில் போனது. மற்றபடி குறையில்லை.

அண்ணனும் கடலுக்குத்தான் போனான், பயணிகள் கப்பலில் சமையல்காரனாக. போலாரத்தில் ராணுவ மெஸ்ஸில் பட்லராக இருந்த அப்பா செத்தபோது அவன் ஏதோ கடலில் இருந்தான், வர முடியவில்லை. அதற்குப் பிறகு ஏதோ ஒரு தீவில் கப்பலை விட்டு இறங்கிவிட்டான். சில வருடங்கள் கிறிஸ்மஸுக்கு போன் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. நின்று ஒன்பது வருடம்.

அம்மா ஹப்சிகுடாவில் அக்கா வீட்டில் இருந்தாள். சர்க்கரையில் கண் போய், பிறகு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸை இனி அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்டது ஒன்றுதான். பெரியவன் குரலை ஒருமுறை கேட்க வேண்டும்.

எங்களிடம் இருந்தது அவன் கடைசியாகப் பேசிய எண். அது இப்போது யாருக்கும் போகவில்லை, ஆனால் எந்தத் தீவின் எண் என்று தெரிந்தது. அதோடு அவன் முன்பு அனுப்பிய ஒரு போட்டோ. சிலுவை வைத்த, மஞ்சள் அடித்த ஒரு கோயில், பக்கத்தில் பலாமரம் போன்ற ஒரு மரம், கீழே இவன். அந்தத் தீவில் இரண்டு நாள் நிற்கப்போகிற படகு ஒன்றுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் போய் ஏறிக்கொண்டேன். அங்கிருந்து அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா போகும் படகு. உரிமையாளர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவரும் அவர் மனைவியும் நானும்தான்.

டாக்டர் ஒரு சின்ன ஜீப்பை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். முதல் நாள் அவர்களை வைத்து நான்தான் ஓட்டினேன். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் போக வேண்டும். சாலை ஒரு ஜீப் அகலம். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்க வேண்டும், எதிரே வருகிறவனும் அடிப்பான், யாராவது ஒருவர் ஓரம் கட்ட வேண்டும். இடிந்த சர்க்கரை ஆலை, ஒரு அருவி, கறுப்பு மணல் கடற்கரை என்று பார்த்தார்கள். நான் ஒவ்வொரு கோயில் முன்னாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன்.

"நீ ரொம்ப பக்திமான் போலிருக்கிறது" என்று டாக்டரின் மனைவி சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் ஜீப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். மாலை ஆறுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், அடுத்த நாள் காலை பாய் ஏற்றுகிறோம் என்றார் டாக்டர்.

எனக்கு ஆறு மணி வரை நேரம் கிடையாது. அம்மாவுக்கு அக்கா இரவு எட்டரைக்கு மாத்திரை கொடுப்பாள், விழுங்கினால் உடனே தூங்கிவிடுவாள். ஹைதராபாத்தில் எட்டரை என்றால் தீவில் காலை பதினொன்று. ஏழு மணிக்குக் கிளம்பினேன்.

முதல் நாள் போகாத பக்கம் கிழக்குக் கரை. மஞ்சள் கோயில் மூன்று பார்த்தேன், மூன்றும் போட்டோவில் இருந்தது இல்லை. ஒரு பெட்ரோல் பங்கில் போட்டோவைக் காட்டினேன். பெட்ரோல் போட்ட பெண் அதை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரொட்டிக்காரர். இப்போது இவ்வளவு முடி கிடையாது" என்றாள். அடுத்த ஊர், பஸ் நிற்கும் இடம், பச்சைப் பெட்டிக் கடை என்று வழி சொன்னாள்.

மணி ஒன்பதரை. பச்சைப் பெட்டிக்குள் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கல்லில் ரொட்டி திருப்பிக்கொண்டிருந்தான். நான் வரிசையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். என் முறை வந்தபோது அவன் நிமிராமலே "எத்தனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஒண்ணு போதும்ணா" என்றேன்.

கையில் இருந்த ரொட்டியை மடித்து முடித்தான். தாளில் சுற்றினான். அப்புறம்தான் பார்த்தான்.

"கைக்குடா வந்தே?" என்றான்.

எங்கள் வீட்டுத் தமிழ் அப்படித்தான், ஹைதராபாத் உருது கலந்தது. ஏன் என்பதற்கு கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, அப்படியா என்பதற்கு ஹவ்வா. நான் அவனைப் பார்த்துப் பதினாலு வருடம் கழித்தும் அவன் வாயில் அதே இருந்தது.

"உன்னைப் பாக்கத்தான்."

"பாத்துட்டே இல்ல. ரொட்டியைத் தின்னு, கெளம்பு."

"அப்பா மெஸ்ஸுலேர்ந்து ரொட்டி கொண்டாந்தா தட்டைத் தள்ளி விடுவே. நீ ரொட்டி விக்கறியா?"

"இங்க என்னை கயானாலேர்ந்து வந்த இந்தியன்னு நெனச்சுட்டானுங்க. கயானாக்காரன்னா ரொட்டி போடணுமாம். போட்டேன். இன்னும் போட்டுட்டே இருக்கேன்." என் கையைப் பார்த்தான். "விரல் எங்கடா?"

"கயித்துல போச்சு. ஆறு வருஷம் ஆவுது."

"ஹவ்வா?" என்றான். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா விஷயத்தைச் சொன்னேன். கண் இல்லை, அதிக நாள் இல்லை, உன் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள், பதினொரு மணிக்குள் பேச வேண்டும், அவ்வளவுதான் நான் வந்தது. அவன் கல்லைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"நக்கோடா" என்றான். "என்னால முடியாது."

"குரல்தானே கேக்கறா. ரெண்டு வார்த்தை."

"பஸ் வர்ற நேரம். அப்புறம் பாக்கலாம்."

பஸ் வந்தது. இருபது ரொட்டி விற்றான். நான் ஓரத்தில் நின்று தாளில் சுற்றிக் கொடுத்தேன். பஸ் போனதும் பத்து மணி. அவனே பலகையை இழுத்துக் கடையை மூடினான். இந்த ஊரில் சிக்னல் கிடையாது, மேலே பீரங்கி மேட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.

வழியில் நிறுத்து நிறுத்து என்றான். முதலில் தங்கிய தகரக் கொட்டகையைக் காட்டினான். புயலில் அதன் கூரை போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டினான். போட்டோவில் இருந்த மஞ்சள் கோயிலைக் காட்டினான், இப்போது அதற்கு வெள்ளை அடித்திருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அண்ணா, அக்கா மாத்திரையைக் கொடுத்துடுவா."

"தெரியும். எனக்கும் கணக்கு வரும்."

ஜீப் மேட்டில் ஏறத் தொடங்கியது.

"பாஸ்போர்ட் கப்பல்லயே இருந்துச்சு. கப்பல் போயிருச்சு" என்றான் தானாக. "ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எப்ப வர்றேன்னு கேப்பா. அடுத்த வருஷம்மா, அடுத்த வருஷம்மான்னு சொன்னேன். கடைசி ரெண்டு தடவை அவ கேக்கவே இல்ல. நானா அடுத்த வருஷம்னு ஆரம்பிச்சா, சரிப்பா சரிப்பான்றா. நம்பலைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்னன்னு போன் பண்றது?"

மேட்டுக்குப் போனபோது பத்து ஐம்பது. துருப்பிடித்த பீரங்கி ஒன்று கடலைப் பார்த்து நின்றது. ஜீப்பை அதன் பக்கத்தில் நிறுத்தி வீடியோ கால் போட்டேன். எடுத்தது அக்கா மகள். பத்து வயது. தமிழ் புரியும், தெலுங்கில்தான் பதில் சொல்லும்.

"பாட்டிகிட்ட குடும்மா, சீக்கிரம்."

"அம்மம்மா, சின்ன மாமய்யா ஃபோன்" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. நான் போனை அண்ணனிடம் நீட்டினேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

அம்மாவுக்குப் பார்வை இல்லாததால் வீடியோ என்றாலும் போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள். திரையில் காது மட்டும் தெரிந்தது. தோடு இல்லை, ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னதோடு சரி.

"அம்மா" என்றான்.

எங்கள் இரண்டு பேருக்கும் அப்பாவின் குரல்.

"சொல்லுடா சின்னவனே" என்றாள் அம்மா. "தண்ணியிலயா இருக்கே?"

நான் குனிந்து வாயைத் திறந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லம்மா. கரையில."

"சாப்ட்டியா?"

"ரொட்டி சாப்ட்டேன்."

"பெரியவன் ஊருக்குப் போறேன்னு அக்காகிட்ட சொன்னியாமே. பாத்தியா அவனை?"

அவன் பிடி இறுகியது. "பாத்தேம்மா" என்றான்.

"நெஜமா? எனக்காகச் சொல்லாத."

"நெஜமாம்மா. கடை வெச்சிருக்கான். நல்லா ஓடுது. கொஞ்சம் தொப்பை போட்ருக்கு. முடி கொட்டிருச்சு."

"அவங்கப்பாவுக்கும் அந்த வயசுலதான் கொட்டுச்சு" என்று அம்மா சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கினாள். "எம்மேல கோவமாடா அவனுக்கு? எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு நச்சரிச்சேன். அதனாலதான் பேசாம இருக்கானா?"

"இல்லம்மா. கோவமில்ல. வெக்கம். வேற ஒண்ணுமில்ல."

"அம்மாகிட்ட என்னடா வெக்கம். போய்ச் சொல்லு அவன்கிட்ட. வரலைன்னா பரவால்லைன்னு சொல்லு. நேரத்துக்குச் சாப்டச் சொல்லு."

"சொல்றேம்மா."

"சரி. நெத்தியைக் காட்டு."

அண்ணனுக்கு இந்தப் போன் வழக்கம் தெரியாது. எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் அம்மா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள். நான் வீடியோவில் பேச ஆரம்பித்த பிறகு போன் திரையிலேயே போடத் தொடங்கினாள். கண் போன பிறகும் விடவில்லை. போடும்போது விரல் எங்காவது சிவப்புப் பொத்தானில் பட்டு கால் கட்டாகிவிடும். எங்களுக்குப் பழகிவிட்டது. அவள் சிலுவை போட்டால் பேச்சு முடிந்தது.

நான் என் நெற்றியைத் தொட்டு அவனுக்குக் காட்டினேன். அவன் போனை உயர்த்திப் பிடித்துத் தலையைக் குனிந்தான். அம்மாவின் விரல் பெரிதாகத் திரையை மூடியது. கால் கட்டானது.

அவன் குனிந்தபடியே இருந்தான். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. ஒருவழியாக அக்கா எடுத்தபோது அங்கே எட்டே முக்கால்.

"தூங்கிட்டா" என்றாள். "என்னடா சொன்னே அவகிட்ட? ரொம்ப நாள் கழிச்சு மாத்திரையை மறுபேச்சு இல்லாம முழுங்கினா."

பேசினது அண்ணன் என்று சொன்னேன். அக்கா அழுதாள். எழுப்பிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அண்ணன் கையை ஆட்டினான். "நக்கோ. நாளைக்கு நானே பேசறேன். நான்தான்னு நானே சொல்றேன்."

அக்காவின் எண்ணை ரொட்டி சுற்றும் தாளில் எழுதிக் கொடுத்தேன். கடையில் இறக்கிவிட்டபோது மதியப் பஸ்ஸுக்கு மாவு பிசைய வேண்டும் என்று அவசரமாக இறங்கிப் போனான். ஆறு மணிக்கு ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை நங்கூரத்தை எடுத்தோம்.

பத்தொன்பது நாள் கடல். காற்று மோசமில்லை. பாதி வழியில் ஒரு பாய் கிழிந்தது, தைத்தேன். கரை தெரிந்து போனுக்கு உயிர் வந்தபோது அக்காவின் செய்தி வரிசையாக வந்து விழுந்தது. அம்மா இறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. அண்ணன் போன் பண்ணவே இல்லை. அவனே சொல்லட்டும் என்று அக்காவும் அம்மாவிடம் சொல்லாமல் காத்திருந்தாள்.

நான் ஹப்சிகுடாவுக்குப் போனபோது அம்மாவின் கட்டிலை எடுத்துவிட்டு அங்கே குழந்தையின் மேசையைப் போட்டிருந்தார்கள். நான் தரையில் படுத்திருந்தேன். அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நீ போன் பண்ணினாயே, என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். கட்டான பிறகு போனை வாங்கக் கையை நீட்டினாளாம். பாட்டி கொடுக்கவில்லையாம். இரு, இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி போன் கண்ணாடியில் சிலுவை போட்டாளாம்.

"கட்டாயிடுச்சுன்னு நீ சொல்லலையா?" என்று கேட்டேன்.

சொன்னாளாம். பரவாயில்லை, இது பெரியவனுக்கு என்று பாட்டி சொன்னாளாம்.

எழுந்து வெளியே போனேன். ஹப்சிகுடா ரோட்டில் தார்னாகா பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். ரொட்டிக் கடைக்குப் பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்கு வெளிநாட்டு அழைப்பு வரும், அதிலிருந்து போகாது; அந்த எண்ணை அவனிடம் வாங்கி அக்காவுக்கும் அனுப்பியிருந்தேன். அம்மா போன செய்தியை அக்கா அந்த எண்ணுக்குத்தான் சொல்லியிருந்தாள். அங்கே காலை ஒன்பதே முக்கால் ஆகும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அவனை அழைத்து வந்தார்கள்.

"ரெண்டு தடவை மேட்டுக்குப் போனேன்டா" என்றான் எடுத்ததும். "கடன் வாங்கின போனோட. ரெண்டு தடவையும் எறங்கி வந்துட்டேன்."

"சரி விடு" என்றேன். குழந்தை சொன்னதைச் சொன்னேன்.

"மொதல்ல போட்டது உனக்கு. இல்ல?" என்று கேட்டான்.

"நெத்தி உன்னுதுதானே" என்றேன்.

பஸ்ஸின் ஹார்ன் சத்தம் கேட்டது. "பஸ் வந்துருச்சு" என்றான். போனை எங்கேயோ வைத்தான், ஆனால் வைத்த விதத்தில் இணைப்பு போகவில்லை. கடைப் பக்கம் ஓடுவது கேட்டது. பலகையைத் திறக்கும் சத்தம். தூரத்தில் அவன் குரல், அப்பாவின் குரல், யாரிடமோ ஆங்கிலத்தில் எத்தனை, எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நான்தான் கட் செய்தேன்.