வெள்ளிமலை இறக்கத்தில் நியூட்ரல்

வாடகைக் காரில் நான், அப்பா, அம்மா மூவர்தான்; ஓட்டுநர் இல்லை, நானே ஓட்டினேன். கல்வராயன் மலையை ஒரே நாளில் நாமே காரோட்டிச் சுற்றிவரத் திட்டம் சொன்ன யூடியூபர், ‘இறக்கத்தில் நியூட்ரல் போடுங்கள், பெட்ரோல் மிச்சம்’ என்றிருந்தார். நம்பினேன்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது அம்மா, “இன்னாடா கருகுற வாசன?” என்றார். நியூட்ரலில் மிதித்து மிதித்தே இறங்கியதில் சூடேறிப்போன பிரேக்கை மறுபடி மிதித்தேன். பிடிக்கவில்லை. எதிரே வளைவு, அதற்கப்பால் பள்ளம்.

“மலைப்பக்கம் ஒடிடா,” என்று அப்பா கத்தினார். ஒடித்தேன். கார் மண்மேட்டில் மோதி நின்றது. அம்மாவின் உதட்டில் ரத்தம்.

“பெட்ரோலு மிச்சமாச்சாடா?” என்றார் அப்பா.

நடந்ததை அந்த வீடியோவின் கீழே எழுதினேன். அந்த யூடியூபர் அதை அழித்துவிட்டார். மறுபடி எழுதினேன், என்னையே தடுத்துவிட்டார். வீடியோ மட்டும் இன்னும் இருக்கிறது. அதை நம்பி இன்னும் எத்தனை குடும்பம் மலை ஏறுமோ? நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போதெல்லாம் மலை ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குகிறேன். காரைச் சரிசெய்ய, அப்பாவின் கரும்புப் பணத்தில் பதினாலாயிரம் ரூபாய் போனது.