தவறி விழுந்தவர்களின் உறை

அலுவலகத்தில் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது தாண்டியவள். முதியவர்களுக்கும், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் நடக்கிற கொடுமைகளை விசாரிக்கிற அலுவலகம் அது. அவள் யாரையும் விசாரிப்பதில்லை. காலையில் வருகிற ஆறு உள்ளூர்ப் பத்திரிகைகளையும் வரி விடாமல் படிப்பாள். அப்படிப்பட்ட செய்தி எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் கத்தரித்து, தேதி போட்டு, கோப்பில் ஒட்டுவாள். எந்தத் தெரு, யாருக்கு, செய்தது யார் என்று பதிவேட்டில் எழுதுவாள். பதினேழு வருடமாக இதே வேலை.

செய்தவர் யார் என்பதை வைத்துத்தான் கோப்புகள். மகன், மகள், மருமகள், பேரன், பராமரிக்க வந்தவர், இல்லம். ஊரில் எல்லாரும் மருமகளைத்தான் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அக்காவின் அலமாரியைத் திறந்து காட்டினால் வாயடைத்துப் போவார்கள். மகன் கோப்பு மூன்று பாகம் ஆகிவிட்டது. மருமகள் கோப்பு இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறது.

அவளுக்கென்று ஒரு விதி இருந்தது. அடித்தார், பூட்டி வைத்தார், பட்டினி போட்டார் என்று பத்திரிகை எழுதினால் கோப்புக்குப் போகும். தவறி விழுந்தார் என்று எழுதினால் கடைசி இழுப்பறையில் கிடக்கும் காக்கி உறைக்குள் போகும். அது விபத்து, கணக்கில் வராது. பத்திரிகை சொல்லாததை நாமாகச் சேர்க்கக் கூடாது என்பாள். அந்த விதியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுக்கு ஒரே தம்பி. நாற்பத்து மூன்று வயது, ஆனால் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான். பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. சட்டைப் பொத்தான் போடக்கூட ஒருவர் வேண்டும். அம்மா இருந்தவரை பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின், அக்கா வேலைக்குப் போகிற நேரத்தில் அவன் இரண்டு முறை அடுப்பைத் திறந்து விட்டுவிட்டான். வேறு வழியில்லாமல் பூங்கா வீதியில் இருக்கிற இல்லத்தில் சேர்த்தாள். சேர்த்துவிட்டு வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவள் முதலில் தேடுவது அந்த இல்லத்தின் பெயரைத்தான். நான்கு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. பெயர் இல்லாத ஒவ்வொரு காலையும் அவளுக்கு நிம்மதி. ஊரிலுள்ள இல்லங்களின் யோக்கியதை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள், தம்பிக்கு ஒரு குறையும் இல்லை என்று பத்திரிகையை நம்பித்தான் தூங்கினாள்.

ஞாயிறுதோறும் பார்க்கப் போவாள். கக்கத்தில் சுருட்டிய பத்திரிகை இருக்கும். போன வருடத்திலிருந்து அவளைக் கண்டதும் சின்னவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துகொள்வான். சின்ன வயதில் ஆடிய கண்ணாமூச்சி ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"சின்னவனைக் காணோமே! யாராவது பாத்தீங்களா?" என்று அறை முழுக்கத் தேடுவாள். அவன் கையை எடுக்க நேரமாகும். அவள் சிரித்துக்கொண்டே காத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு, குழாய் பதிக்கப் பூங்கா வீதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்பக்கம் சுற்றி வரச் சொன்னான் காவலாளி. அந்த இல்லம் ஒரு வீதியில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளமான கட்டடம் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பின்வாசலுக்கு எதிரே பெயர்ப்பலகை: அச்சகத் தெரு. அந்தத் தெருவில் அவள் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் பெயர் தெரிந்த பெயராக இருந்தது. எங்கே, எங்கே என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனாள். தம்பி தலையைப் பொத்திக்கொண்டான். "காணோமே" என்றாள், மனம் அதில் இல்லாமல்.

மறுநாள் காக்கி உறையை மேசையில் கொட்டினாள். அச்சகத் தெருவில் முதியவர் தவறி விழுந்து மருத்துவமனையில் அனுமதி. அச்சகத் தெருவில் பெண் படியில் வழுக்கி விழுந்து கை முறிவு. பதினான்கு மாதத்தில் ஒன்பது துண்டுகள், எல்லாம் நான்கு வரிச் செய்தி. அந்தச் செய்திகளை எழுதிய நிருபருக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல இருக்கறதை அப்படியே எழுதுவேன்க்கா," என்றார் அவர். "ஆம்புலன்ஸ் எங்க ஏத்துச்சோ அந்தத் தெருவைத்தான் போட்டிருப்பாங்க."

துண்டுகளை அள்ளிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"தவறி விழுந்தாங்கன்னுதானேக்கா போட்டிருக்கு? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, பத்திரிகை சொல்லாததைச் சேர்க்காதீங்கன்னு?"

"நான் சொன்னது தப்பு சார். அந்தத் தெருவுல ஒரு வீடுகூட இல்ல. ஒரு பக்கம் மூடிப்போன அச்சகம், இன்னொரு பக்கம் அந்த இல்லத்தோட பின்சுவர். ஆளே குடியில்லாத தெருவுல ஒம்பது பேர் எப்படி சார் விழுவாங்க?"

அதிகாரி எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

மத்தியானமே போய் இறங்கினார்கள். மேற்பார்வையாளர் நன்றாகத்தான் பூசி மெழுகினார்: வயசானவங்க, தரை வழுக்கும், எங்க கையில என்ன இருக்கு. உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்த பழைய தையல்காரர் ஒருவர் அக்காவைக் கைகாட்டி அழைத்தார். அவர் இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. உறையிலிருந்த துண்டுகளில் ஒன்று அவருடையது.

"எதிர்த்துப் பேசினா தள்ளிவிடுவாங்கம்மா. எலும்பு போச்சுன்னா பின்வாசல் வழியா அனுப்பிடுவாங்க," என்றார். "பேச முடியாததுங்களுக்கு வேற. பேப்பரை இறுக்கிச் சுருட்டி மண்டையிலேயே போடுவான் அந்த மேற்பார்வையாளன். அடையாளம் இருக்காது பாரு. உன் தம்பிக்குத் தினமும்."

அவள் கக்கத்தில் அன்றைய பத்திரிகை சுருட்டியபடி இருந்தது. அது கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருக்கிறான். வாயில்லாதவன் இரண்டு கையாலும் சொல்லியிருக்கிறான். வரி விடாமல் படிக்கிறவள் அதைப் படிக்காமல், அவன் எதிரில் நின்று சிரித்திருக்கிறாள்.

அன்றே அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மூன்றாம் நாள் ஆறு பத்திரிகையிலும் செய்தி வந்தது, முதல் முறையாக இல்லத்தின் பெயரோடு. அவள் கத்தரித்தாள், தேதி போட்டாள், இல்லம் என்ற கோப்பில் ஒட்டினாள். உறையிலிருந்த ஒன்பதையும் அதற்குக் கீழே ஒட்டினாள். மேற்பார்வையாளர் மேல் வழக்கு நடக்கிறது. காக்கி உறை இப்போது மேசையின் மேலேயே கிடக்கிறது. வாரக் கடைசியில் அதில் இருப்பதைத் தெருவாரியாகப் பிரித்துப் படிக்கிறாள்.

பகலில் சின்னவனைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்கிறார். அக்கா பத்திரிகையைச் சுருட்டுவதில்லை. இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துத்தான் கொண்டு வருகிறாள். ஆனாலும் சாயங்காலம் கதவு திறக்கிற சத்தத்துக்கே அவன் கை தலைக்குப் போய்விடுகிறது. காணோமே என்று அவள் இப்போது சொல்வதில்லை. வெறும் கையை விரித்துக் காட்டியபடி அவன் எதிரே தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். "அக்காடா. நான்தான்டா," என்கிறாள். அவன் கை இறங்குகிறவரை சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.