படிக்கட்டுக்கு எலுமிச்சை

என் அத்தைக்குப் பூவில் அக்கறை கிடையாது. அவள் பால்கனியில் இருக்கும் ஜெரேனியம் செடிகள் எப்போதாவது பூத்தால், அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கிள்ளிப் போட்டுவிடுவாள். அவை பூவுக்காக வளர்க்கும் ரகம் இல்லை. வாசனையெல்லாம் இலையில்தான். இரண்டு விரலுக்கு நடுவே லேசாகக் கசக்கினால் ஒன்று ரோஜாவாக மணக்கும், ஒன்று எலுமிச்சையாக, இன்னொன்று புதினாவாக. தொடாமல் விட்டால் எதையும் வெளியே காட்டாமல் நிற்கும் அழுத்தக்காரச் செடிகள்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான், அத்தை வீட்டுப் பின்னறையில் பெட்டியைப் பாதி மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு தங்கியிருந்தபோது நடந்தது இது.

அத்தை சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். பகலெல்லாம் நீராவியில் நின்றுவிட்டு வீடு வந்ததும், கைப்பையைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போவாள். ஒவ்வொரு தொட்டியாக இலையைத் தடவி, விரலை முகர்ந்துகொண்டே நகர்வாள். கதவோரத்துச் செடிதான் பாவம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் கிள்ளிக் கிள்ளி ஒரு பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. அந்தத் தொட்டியை அவ்வப்போது திருப்பி வைத்து, வழுக்கையைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பாள்.

புதுச் செடி வேண்டுமென்றால் கிளையைக் கணுவுக்குக் கீழே பிளேடால் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, நிழலில் போட்டு வைப்பாள். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நடவேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு நட்டால் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். மணல் கலந்த மண், கஞ்சத்தனமாகத் தண்ணீர், அவ்வளவுதான். எந்தத் தொட்டியிலும் பெயர் எழுதி வைத்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இலையே சொல்கிறதே, பலகை எதற்கு என்றாள்.

மாமா நகரப் பேருந்து ஓட்டுநர். இந்தச் செடிகளைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. எலுமிச்சை வாசனை வேண்டுமென்றால் எலுமிச்சையையே வளர்க்கலாம், சாறாவது கிடைக்கும். ஆள்மாறாட்டம் செய்கிற செடிகளுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்பார். அத்தை காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

கடையில் மடித்து முடித்த துணிக்கு நடுவே ஓர் இலையைச் சொருகி அனுப்புவது அவள் பழக்கம். பக்கத்துத் தெருவில் இருக்கும் பார்வையற்றோர் விடுதியின் திரைச்சீலைகளும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தன. ஒருநாள் விடுதியின் காப்பாளர் அம்மா கடைக்கே வந்துவிட்டார். திரை மாட்டிய அன்றைக்கு எல்லாரும் ஜன்னலை விட்டு நகரமாட்டேன் என்கிறார்கள், அது என்ன இலை என்று விசாரித்தார். பேச்சோடு பேச்சாக அத்தைதான் அந்த யோசனையைச் சொன்னாள். விடுதியின் நடைபாதையில் கைக்கு எட்டும் உயரத்தில் தொட்டிகளை வைக்கலாம். வாசல் கதவருகே புதினா. தோட்டத்துக்கு இறங்கும் படிக்கட்டின் மேலே எலுமிச்சை. சாப்பாட்டறைக் கதவருகே ரோஜா. இலையில் கை பட்டால் நிற்கும் இடம் தெரிந்துவிடும். காப்பாளர் அங்கேயே சரி என்றுவிட்டார்.

அத்தையிடம் அதுவரை மற்றவர்கள் கேட்டு வாங்கியதெல்லாம் மடிப்புக் கலையாத சட்டைகள்தான். அன்று மாலை அவள் நடையே வேறாக இருந்தது. வெட்டிய கிளைகள் காய்ந்ததும், பிளாஸ்டிக் கப்புகளில் ரகவாரியாக வரிசை கட்டி நட்டாள்.

அவை வேர் பிடிக்கும் சமயத்தில் அவள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். கூடவே விடாத மழை. மாமா அக்கறையாகக் கப்புகளையெல்லாம் உள்ளே தூக்கி வந்தார். பணிமனையில் வண்டி நிறுத்திப் பழகிய கை. உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால் என்று கச்சிதமாக நிறுத்திவிட்டார். வரிசை கலைந்ததே அவருக்குத் தெரியாது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அத்தை அதைப் பார்த்தாள். புதினாவைப் பிரிப்பது சுலபம், வெல்வெட்டுப் போன்ற அகலமான இலை. ரோஜாவும் எலுமிச்சையும்தான் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் ஒரே மாதிரி வெட்டு வெட்டான இலை. அவள் கப்புகளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பிரித்தாள். எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. காய்ச்சல் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். செடிகள் வளர்ந்து தொட்டிக்கு மாறியதும், நானும் அவளும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் வைத்துவிட்டு வந்தோம். எல்லா வாசனையும் ஒன்றாகக் கலந்து என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள் விடுதியிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கேயே தங்கி, அங்கேயே தொலைபேசி வேலை பார்ப்பவர். அத்தை பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, அங்கே நின்றபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, படிக்கட்டுகிட்ட ஆளு மாறி உக்காந்திருக்காங்க. எலுமிச்சைக்கு நடுவுல ரோஜா இருக்கு. நேத்து அதத் தொட்டுட்டு சாப்பாட்டு ரூம் வந்துருச்சுன்னு தைரியமா கால நீட்டினேன். கதவு இருக்க வேண்டிய எடத்துல காத்துதான் இருந்துச்சு."

"ஐயோ, விழுந்துட்டீங்களா?"

"கைப்பிடி காப்பாத்திருச்சு. பசிதான் அப்படியே இருந்துச்சு."

அவர் சிரித்தார். ஆனால் காப்பாளர் சிரிக்கவில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டிகளைச் சரிசெய்யாவிட்டால் எல்லாவற்றையும் பாதையிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அதில் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு அத்தை போனை வைத்தாள்.

ஒரு தடவை முகர்ந்து பார்த்தால் தீர்ந்துபோகிற வேலைதானே, இதற்கு ஏன் கலங்க வேண்டும் என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது, பால் தீய்கிறது என்று. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அத்தைக்குப் பின்னாலேயே பால் பொங்கி வழிந்து, அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா வந்து அடுப்பை அணைத்தார். "பக்கத்துல நிக்கறே, உனக்குத் தெரியலையா?"

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். "காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியலைங்க. சோப்பு, சாம்பார்பொடி, செடி, எல்லாம் ஒண்ணுதான்."

"என்கிட்டக்கூடச் சொல்லலையே."

"சொன்னா விடுதிக்கும் சொல்லணும்ல. மூக்கு இல்லாதவகிட்ட யாரு வாசனைச் செடி வாங்குவா?"

மாமா கருகின பாத்திரத்தை எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டு வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார்.

விடுதியில் அத்தை முதல் காரியமாகக் காப்பாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் கேட்டுக்கொண்டார். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் மேலே குந்தினார். தொலைபேசிக்காரர் பரீட்சை அதிகாரியாகப் பக்கத்தில் நின்றார்.

முதல் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார் மாமா. "இது பாத்திரம் வெளக்குற சோப்பு."

"எலுமிச்சை. சரி."

"இது எங்க பெரியம்மா பீரோ."

"அதுதான் சார் ரோஜா. என்னைப் படியில தள்ளப் பாத்தது."

ஒன்றுகூடத் தவறவில்லை. அத்தை அவரை முறைத்தாள். "வாசனையே தெரியாதுன்னு இத்தனை வருஷம் சொல்லிட்டிருந்தீங்க?"

"தெரியாதுன்னு எப்பச் சொன்னேன்? வேணாம்னுதான் சொன்னேன். தினமும் யூனிபார்ம் பையில ஒரு இலைய வெச்சு அனுப்பினா தெரியாமப் போகுமா?"

ரோஜாக்கள் சாப்பாட்டறைப் பக்கம் போயின. அடுத்த தடவை செடி மாற்றும்போது என்ன செய்வீர்கள் என்று காப்பாளர் கேட்டார். அத்தை கைப்பையைத் திறந்து நூல்கண்டை எடுத்தாள். கடையில் யார் துணி என்று தெரிவதற்காக, ஓரத்தில் நூல் கோத்து முடிச்சுப் போடுவார்கள். அதே கெட்டி நூலைத் தொட்டியின் கழுத்தில் கட்டினாள். எலுமிச்சைக்கு ஒரு முடிச்சு, ரோஜாவுக்கு இரண்டு, புதினாவுக்கு முடிச்சே இல்லாத வெறும் நூல். இனி வீட்டிலும் கிளையை வெட்டுவதற்கு முன்பே நூல் கட்டிவிடுவேன் என்றாள்.

தொலைபேசிக்காரர் விரலால் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. இனிமே எங்களுக்குச் சளி பிடிச்சாலும் வழி தெரியும்."

காப்பாளர் அதற்குச் சிரித்தார். தொட்டிகள் அங்கேயே இருக்கட்டும் என்றார்.

மருத்துவர் அத்தையைப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறார். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். விடுதியின் பின்கட்டுக்கும் செடி கேட்டிருக்கிறார்கள். மாலையில் மாமா வேலை முடிந்து வந்ததும், அத்தை அவரைச் சீருடையோடு பால்கனியில் நிறுத்தி, இலை இலையாக அவர் மூக்கருகே நீட்டுகிறாள். நேற்று அவர் பீரோ என்றார். அவள் நூலில் இரண்டு முடிச்சுப் போட்டாள். அவர் முகம் கழுவ உள்ளே போன பிறகு, அந்த இலையையே மறுபடி கசக்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, கொடியில் தொங்கிய அவருடைய மறுநாள் சட்டைப் பைக்குள் அதைப் போட்டாள்.