சாவி அக்காவும் மூன்றாம் நம்பர் ஸ்நேரும்

அந்த இசைக்கருவிக் கடையில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் சாவி அக்கா. டிரம்மின் திருகுகளை இறுக்கித் தளர்த்தும் சின்னச் சாவி ஒன்று எப்போதும் அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். கல்லாப்பெட்டிச் சாவியை முதலாளி அவளிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது தூசி துடைக்க. காட்சிக்கு வைத்த டிரம் செட்டுகளைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்கும்போது விரல் முட்டி டிரம்மின் தோலில் படும், சத்தம் வரும். இப்போதெல்லாம் அது பிளாஸ்டிக்தான், ஆனாலும் டிரம் அடிக்கிறவர்கள் வாயில் இன்னும் தோல்தான். ஒரே டிரம்மில் இந்த ஓரம் ஒரு சத்தமும் அந்த ஓரம் வேறொரு சத்தமும் வந்தது அவளுக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. அப்போது கடையில் டியூன் செய்துகொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணே, இந்த டிரம் ஒரு பக்கம் அழுவுது."

"நீ துடைக்கிற வேலையைப் பாரும்மா."

சரி என்று துடைக்கிற வேலையைப் பார்த்தாள். அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் அவருடைய சாவியை எடுத்து அழுகிற பக்கத்தையும் பார்த்தாள். அவர் திரும்பி வந்து அதே டிரம்மை வாசித்துக் காட்டி, வாடிக்கையாளரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டு, மீசையைத் தடவிக்கொள்வார். இவள் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஒரு வருடம் இப்படியே ஓடியது. அவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "இத்தனை நாளா நான்தான் பண்ணிட்டிருக்கேன்" என்றாள். முதலாளி அதை நம்பவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம் ஒரு வாடிக்கையாளர்கூடக் குறை சொல்லி வரவில்லை என்பதை நம்பினார். துணி வேறொருத்தி கைக்குப் போனது.

அதன்பிறகு அந்தக் கடையில் டிரம் வாங்க வருகிறவர்கள் நேரே அவளிடம்தான் வருவார்கள். பெரும்பாலும் எல்லாரும் கேட்பது ஐந்து டிரம் உள்ள செட்டுதான், அதிலும் ஜிகினா பூசியது. சிவப்பு ஜிகினாவைப் பார்த்ததும் மயங்கி நின்ற ஒரு தகப்பனிடம், "நிறம் சத்தம் போடாது சார். கண்ணை மூடிட்டுக் கேளுங்க" என்று சொல்லி, மூலையில் கிடந்த பழுப்பு நிறச் செட்டை அடித்துக் காட்டினாள். அவர் பழுப்பைத்தான் வாங்கிப் போனார். விற்பனையாளர்களுக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல் இருந்ததென்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் முதலாளியின் மச்சான் மேனேஜராக வந்து உட்கார்ந்தார். அதற்குமுன் குளிர்சாதனப் பெட்டி விற்றவர். ஸ்நேரை 'சின்ன டிரம்' என்பார், சிம்பலை 'தட்டு' என்பார். அதுகூடப் பரவாயில்லை. நாற்பது பித்தளை ஸ்நேர்களைத் தன் யோசனையிலேயே வரவழைத்துக் கிடங்கில் அடுக்கிவிட்டார். ஸ்நேர் என்பது செட்டின் நடுவில், வாசிப்பவரின் முழங்காலுக்கிடையில் இருப்பது. அடியில் கம்பிச் சுருள்கள் ஓடும், அடித்தால் பொரிகிற மாதிரி சத்தம் வரும். செட்டில் வேறெது எப்படி இருந்தாலும் வாசிக்கிற ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். ஆனால் அந்தக் கடையில் எல்லாரும் கேட்டு வாங்கியது ஒரு எளிய மர ஸ்நேரைத்தான். பித்தளை கிடங்கிலேயே கிடந்தது.

மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலுள்ள டிரம்மர்களைக் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் ஐந்து ஸ்நேர்களை நம்பர் போட்டு வைத்து, காதால் மட்டும் கேட்டு எது சிறந்தது என்று சீட்டு எழுதிப் போட வைப்பது. யோசனை நல்ல யோசனைதான். கோளாறு என்னவென்றால், 'எங்கள் டிரம்மர்களின் முதல் தேர்வு' என்று எழுதி, கீழே பித்தளை ஸ்நேரின் படம் போட்ட பலகை வெள்ளிக்கிழமையே கடைக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் அவர் சாவி அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அஞ்சையும் நீங்கதானே டியூன் பண்றீங்க? மூணாம் நம்பர், அந்த மர டிரம், அதுல ஒரு திருகை அரைச் சுத்து தளர்த்தி விட்டுடுங்க. போதும்."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதான் கேக்கறேன்."

"பாருங்கம்மா, அரைச் சுத்து. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முடியாதுன்னா திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம். இதுக்கு மேல நான் பேசல."

முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. கேட்காத மாதிரி இருப்பதில் அவர் கெட்டிக்காரர். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவளுக்குப் பயம் வந்தது. வயது நாற்பத்தெட்டு. கையில் ஒரு சான்றிதழ் கிடையாது, கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லவும் ஆள் கிடையாது. வேறு கடையில் போய் 'நான் டிரம் டியூன் பண்ணுவேன்' என்றால் மேலும் கீழும் பார்ப்பார்கள். திரும்பவும் துணியைக் கையில் கொடுப்பார்கள். ஆனாலும் ஐந்து ஸ்நேர்களையும் மாலை வரை உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று ஓரவஞ்சனை இல்லாமல் டியூன் செய்து, வரிசையாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடந்ததைச் சொன்னாள். அவர் தட்டில் கையை வைத்தபடி யோசித்தார்.

"அரைச் சுத்துதானேம்மா. வேலை போயிடுமே."

"நீங்க லிஃப்ட்ல ஒரு போல்ட்டை அரைச் சுத்து தளர்த்துவீங்களா?"

"அதுல ஆளுங்க போவாங்க."

"இதுலயும் ஆளுங்கதான் போறாங்க. எங்கிட்ட வந்து எது நல்லதுன்னு கேட்டுட்டு, நான் சொன்னதை வாங்கிட்டுப் போறாங்க. நாளைக்கு அவங்க காதையே அவங்க சந்தேகப்படணுமா? அதுவும் என் கையால?"

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "நாளைக்கு நானும் வரட்டா?" என்றார்.

"வேண்டாம். நீங்க வந்தா நான் அழுதுடுவேன்."

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையில் ஐம்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். உணவகத்தில் வாசிக்கிறவர்கள், கச்சேரிக் குழுக்காரர்கள், கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், பள்ளிக்கூட இசை ஆசிரியர் ஒருவர். திரைக்குப் பின்னால் நின்று அடித்துக் காட்டுவதும் சாவி அக்காதான். ஒரே பலத்தில், ஒரே இடத்தில், ஐம்பது தடவை அடிக்கச் சொன்னாலும் மாறாத கை கடையில் அவளுடையது ஒன்றுதான். இதை மேனேஜரே ஒப்புக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் போனதும் அவள் வழக்கம்போல் ஒவ்வொரு ஸ்நேரின் ஓரத்தையும் விரலால் தட்டிப் பார்த்தாள். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. ஒரு ஓரம் அழுதது. நேற்று அவள் போன பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. திருகின் தலையில் இடுக்கி பிடித்த தடம் புதிதாகத் தெரிந்தது. டிரம் திருகை இடுக்கியால் திருப்புகிற ஆள் அந்தக் கடையில் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அதற்கென்று ஒரு சாவி இருப்பது தெரியும்.

வெளியே மேனேஜர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு அடிக்கலாம். அல்லது கண்டும் காணாததுமாக அடித்துவிட்டு, 'நான் தளர்த்தலையே' என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். சரிசெய்வதற்குச் சாவியைத் திருகில் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. நான் எதற்கு ஒளிந்துகொண்டு செய்ய வேண்டும்? இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாகச் செய்தது போதாதா?

மூன்றாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தாள். மேனேஜரின் பேச்சு பாதியில் நின்றது.

"எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க" என்றாள். "இந்த ஸ்நேரை நேத்து நான் டியூன் பண்ணி வச்சேன். நான் போனப்புறம் யாரோ இதைத் தளர்த்தியிருக்காங்க. உங்க எதிர்லயே சரிபண்றேன். அப்புறம் போட்டி நடத்தலாம்."

"அக்கா, என்ன இது, உள்ள போங்க" என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"போறேன் சார். வேலையை முடிச்சிட்டு."

மேசையில் வைத்து, கைக்குட்டையை விரித்து, வேலையைத் தொடங்கினாள். ஒரு திருகு, அதற்கு நேர் எதிரே ஒரு திருகு. ஓரத்தில் ஒரு தட்டு, கேட்பது, கால் சுற்று. மறுபடி தட்டு. ஐம்பது பேரும் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். தட்டிக்கொண்டே இருக்கிற ஜாதி அது, சும்மா உட்காரவைத்தால் தொடையிலாவது தாளம் போடும். அன்றைக்கு ஒரு விரல்கூட அசையவில்லை. முடித்து ஒரு அடி அடித்தாள். பின்வரிசையில் யாரோ "ஆங்" என்றார்கள்.

"இப்ப மூணாம் நம்பர் எதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே" என்று எழுந்தார் பள்ளிக்கூட ஆசிரியர். "நான் உள்ள போய் நம்பரை மாத்தி வைக்கறேன். எனக்கு ஓட்டு வேண்டாம்."

அப்படியே நடந்தது. அவள் திரைக்குப் பின்னால் போய் ஐந்தையும் ஒரே பலத்தில் அடித்தாள். சீட்டுகளை ஆசிரியரே எண்ணினார். மேனேஜர் முகம் வெளிறிப்போய்த் தூணோரம் நின்றார். எண்ணி முடித்த ஆசிரியர் சிரித்தார்.

"பித்தளை இருபத்தொண்ணு. மரம் பத்தொன்பது. மத்ததெல்லாம் சில்லறை."

கடையே கைதட்டியது. பித்தளைதான் வென்றது. யாரும் இடுக்கி எடுக்காமல், யாரும் எதையும் தளர்த்தாமல், அவளுடைய கை டியூன் செய்ததால் வென்றது. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பித்தளையோடு அவளுக்கு என்ன பகை? அதையும் நேற்று ஒரு மணி நேரம் மடியில் வைத்துக் கொஞ்சியவள்தானே.

மேனேஜருக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு பலகையை வாசலில் மாட்டத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூட்டம் கலைந்த பிறகு முதலாளி அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்ல? நாளைக்கு வாங்க. ஆனா என் மச்சான் மனசு நோகுது, எல்லார் எதிர்லயும் அப்படிச் சொல்லிட்டீங்க. அவர்கிட்ட ஒரு சாரி மட்டும் சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தை, அரைச் சுற்று. இவர்கள் எல்லாவற்றையும் இப்படிச் சின்னதாக்கித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வருவேன் சார். வேலை செய்ய வருவேன். சாரி சொல்ல வர மாட்டேன்."

"அப்போ என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"நீங்க என்னைக்கு சார் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தெருமுனை திரும்பியபோது கடை வாசலில் கூட்டம் தெரிந்தது. முந்தின நாள் போட்டிக்கு வந்தவர்களில் பதினோரு பேர். தோளில், கையில், ஸ்கூட்டர் முன்னால் என்று ஆளுக்கு ஒரு வட்டப் பை, உள்ளே அவரவர் ஸ்நேர். சிலவற்றில் மரம், சிலவற்றில் எஃகு, சிலவற்றில் எங்கே வாங்கினார்களோ என்று கேட்கவைக்கிற பழசு. படியில் மேனேஜர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும் உங்களுக்கெல்லாம்? டியூனிங்னா உள்ள கொடுத்துட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்."

"யார் பாத்துப்பாங்க?" என்றாள் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி.

"கடைல ஆள் இருக்காங்க."

"அக்கா இருக்காங்களா? அதைச் சொல்லுங்க. இல்லன்னா அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, அங்க போறோம்."

மேனேஜர் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். முதலாளி அங்கே எழுந்து நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அவளை உள்ளே விடச் சொல்கிற மாதிரி தலையை அசைத்தார்.

சாவி அக்கா கூட்டத்துக்கு நடுவே வந்து படியேறினாள். மேனேஜர் இன்னும் கையை மடக்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வழி விடுங்க சார்" என்றாள். "பதினோரு பேர் நிக்கறாங்க."

அவர் நகர்ந்தார்.