சிவப்பு அம்பு

குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யார் யோசித்தார்கள்? மாப்பிள்ளை குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை என்று கேட்டதுமே பெண்வீட்டாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

சட்டைத் தொழிற்சாலையில் அவன் செக்கர். தைத்து வரும் சட்டையை விளக்கின் கீழ் விரித்துப் பார்ப்பான். நூல் பிசிறினாலோ பொத்தான் கோணியிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவான். நல்ல சட்டைக்கு ஸ்டிக்கர் கிடையாது; அது பேசாமல் பெட்டிக்குள் போய்விடும். தையல்காரர்கள் அவனுக்கு 'அம்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கு அதில் பெருமை வேறு.

அந்தப் புண்ணியவான் ஸ்டிக்கரை வீட்டுக்கும் கொண்டுவந்தான். கல்யாணமான புதிதில் டீக்கோப்பையின் கறைமேல் ஓர் அம்பு. விளையாட்டென்று நினைத்து மனைவி சிரித்தாள். பிறகு தலையணை உறையில், ஜன்னல் கம்பியில், அவள் மடித்து வைத்த துணியில். நான் செய்வதில் ஒன்றுகூட நல்லாயில்லையா என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"நல்லா இருக்கறதுல ஒட்டலையே, பார்க்கலையா?" என்றான், குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல.

அட பாவி, அதற்கு வாய்விட்டுத் திட்டியே இருக்கலாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். ஸ்டிக்கரோடு யார் மல்லுக்கட்டுவது? அவள் அம்மா வீட்டுக்குப் போய், விவாகரத்து வேண்டும் என்று சொல்லியனுப்பினாள்.

அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை அவளிடம் சொன்னாலே போதும். சொல்லத் தோன்ற வேண்டுமே! கடைசியில் அவனுடைய அக்காதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனாள்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பை, கட்டித் தயாராக. பாவம், அவளுக்கும் ஆசைதான்.

"என்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. இப்பவே வந்துடறேன்."

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தொண்டையைச் செருமினான். தன் தொழிலின் மிக உயர்ந்த பாராட்டை எடுத்து விட்டான்.

"முன்னைக்கு இப்ப உன்கிட்ட தப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மனைவி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளைக்கோ, கெட்டதுகூடத் தெரியவில்லை. இந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் தையல்காரர்கள் தவம் கிடக்கிறார்களே என்று திரும்பும் வழியில் அக்காவிடமே கேட்டான்.

மறுநாள் காலை, வேலைக்குப் போட எடுத்த சட்டையை வழக்கம்போல் விளக்கில் பிடித்தான். கழுத்துப் பொத்தான் அவள் தைத்துக் கொடுத்தது. இழுத்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். ஒரு குறை இல்லை.

"நல்லா தைச்சிருக்கே," என்றான், சமையலறைப் பக்கம் திரும்பி.

அங்கே யாரும் இல்லை.