பாலத்துப் படங்களின் தேதி

அந்தப் பொறியியல் அலுவலகத்தில் படங்களைப் பராமரிப்பவளுக்கு ‘சந்தேகம் அக்கா’ என்றே பெயர். கணினியில் இருந்த நாற்பதாயிரம் படங்களுக்கும் எந்த இடம், எந்தப் பகுதி, எடுத்தது யார் என்று குறிப்பு போட்டவள் அவள்தான். “நான் வச்ச குழம்பையே மோந்து பார்த்துட்டுதான் சாப்பிடுவா” என்பார் அவள் கணவர்.

ஒருநாள் மேற்பார்வையாளர் ஆற்றுப் பாலத்தின் சோதனைப் படங்களைக் கொடுத்து, போன வாரம் நேரில் போய் எடுத்தவை என்றார். படத்தில் பதிவாகியிருந்த தேதியோ இரண்டு வருடம் பழையது.

“கேமராவுல தேதி தப்பும்மா. ஏத்திடுங்க.”

தலையாட்டினாள்; மனசு ஒப்பவில்லை. அந்தக் கேமராவின் எண்ணைப் போட்டுத் தேடினாள். பாலத்தின் கடைசிப் படத்துக்கு அடுத்த வரிசை எண்ணில் இருந்தது, பழைய மேலாளரின் பிரிவுபசார விழாப் படம். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. தேதி சரிதான், ஆள்தான் பொய்.

இப்போதைய மேலாளர் முன் நின்றபோது தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருத்தர் பிழைப்பாயிற்றே.

“சார், பாலத்தை ஒரு தடவை நேர்ல பார்த்துடலாமா?”

மறுநாள் போனவர்கள், தூணின் அடியில் கை நுழையும் அளவுக்கு விரிசல் கண்டார்கள். அன்றே பாலத்தில் லாரிகள் போவதை நிறுத்தினார்கள்.

“மழையா இருந்துச்சு. நான் போகவே இல்லைங்க” என்று ஒப்புக்கொண்டார் மேற்பார்வையாளர்.

எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவளுக்குக் காதில் ஏறவில்லை. தேடலில் மேற்பார்வையாளர் பெயரைப் போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் படத்தைத் திறந்தாள்.